பலகை வெள்ளையாகத்தான் இருந்தது

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை, சார். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. வெட்டும்போது அளவு தப்பியிருக்காது. வெல்டு வைக்கும்போது சட்டத்தைச் சமதரையில் நிறுத்தாமல் அவசரத்தில் வைத்திருப்பார்கள். ஒரு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். வேண்டாம், எழுந்திருக்காதீர்கள், நான் இப்படியே உட்கார்ந்துகொள்கிறேன். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. எங்கே போனாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது இரும்புதான்.

எங்கள் பட்டறை வெல்டரை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் யாரோ ஒருவன் வந்து ஒரு வரி சொன்னதற்காக நீங்கள் ஆளை விட்டுவிட மாட்டீர்கள், அது நியாயம்தான். அதனால் முதலிலிருந்து வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சுற்றி வளைப்பது பிடிக்காது.

பட்டறை என் அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். மருத்துவமனைகளுக்கு இரும்புக் கட்டில் செய்து கொடுத்தார். தலைமாட்டைத் தூக்கி நிறுத்தலாமே, அந்த வகைக் கட்டில். தகரக் கொட்டகையில் தனி ஆளாக ஆரம்பித்தவர். அவர் கட்டில் கிரீச்சிடாது என்று ஒரு பெயர் உண்டு. நோயாளி புரண்டு படுத்தால் பக்கத்துக் கட்டில்காரன் விழித்துக்கொள்ளக் கூடாது என்பார். ஒவ்வொரு கட்டிலையும் அனுப்புவதற்கு முன் தானே ஏறிப் படுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டு பார்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் புரளுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'முதலாளி தூங்கப் போயிட்டாரு, சத்தம் போடாதீங்க' என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

நல்ல பொருளுக்கு ஆள் வராமல் இருக்குமா? ஒரு மருத்துவமனை இன்னொரு மருத்துவமனைக்குச் சொல்லி, கேட்டு வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அத்தானோ பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ வந்து பாருடா. தேடி வர்றவங்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சிடுறாரு. பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் யோசனை சொல்றியே, சொந்த அக்கா வீட்டுக்குச் செய்யக் கூடாதா?"

அவள் சொன்னது உண்மை. பெரிய ஆலையொன்றில் என் வேலையே அதுதான். உற்பத்தி எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்து அடைப்பை எடுத்துவிடுவேன். மனிதர்கள் நினைக்கிற மாதிரி வேலை எல்லா இடத்திலும் தேங்காது, சார். ஒரே ஒரு இடத்தில்தான் தேங்கும். அந்த இடத்தை மட்டும் அகலப்படுத்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக ஓடும். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

அத்தான் என்னைத் தட்டிக்கொடுத்து வரவேற்றார். "வா மாப்ளே, வந்து உன் வித்தையக் காட்டு. ஆனா அகலக் கால் மட்டும் வச்சிடாத. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் நமக்கு" என்றார்.

"காத்துள்ளபோதே தூத்திக்கணும் அத்தான்."

"சரிதான். காத்து புயலாயிடுச்சுன்னா பதரோட சேர்ந்து நெல்லும்ல பறந்துடும்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேலை தேங்கிய இடம் ஓவன். கட்டிலுக்கு அடிக்கிற பெயிண்ட் மாவு மாதிரி இருக்கும். அதைச் சட்டத்தின் மேல் பீய்ச்சி, ஓவனுக்குள் வைத்துச் சூடேற்றினால் உருகி இரும்போடு இறுகிவிடும். ஓவன் என்றால் வீட்டில் இருக்கிற பெட்டி இல்லை. ஒரு அறை அளவுக்குத் தகட்டாலேயே கட்டியது. சட்டங்களை டிராலியில் தொங்கவிட்டு உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, பர்னரைக் கொளுத்த வேண்டும். ஒரு லோடு வெந்து ஆறுவதற்குள் வெளியே சட்டங்கள் மலைபோலக் குவிந்துவிடும்.

இந்த ஓவனுக்கு அத்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கூட்டவோ கொக்கியைச் சரிபார்க்கவோ யார் உள்ளே போனாலும், தன் ஏப்ரனைக் கழற்றிக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாட்டியவர்தான் அதை எடுக்கலாம். முதலாளியே ஆனாலும் இன்னொருவர் ஏப்ரனைத் தொடக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் நாள் பாடமே இதுதான். "அது துணி இல்லப்பா, ஆளு. ஆளு தொங்குறப்ப எவனாவது கதவச் சாத்துவானா?" என்பார். யாராவது ஏப்ரன் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தால், 'என்னப்பா, உன்னை ஓவன்லயே விட்டுட்டு வந்துட்டியா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஏப்ரன்களை எல்லாம் அக்காதான் தைத்துக் கொடுப்பாள். கிழிந்தால் கையில் கிடைத்த துணியில் ஒட்டுப் போடுவாள்.

நான் செய்தது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஓவனுக்குள் ஒரு டிராலிதான் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் இடம் சும்மா கிடந்தது. இன்னொரு டிராலி செய்யச் சொன்னேன். இரண்டும் உள்ளே போயின, ஆனால் கதவு முழுதாகச் சாத்தவில்லை. கதவின் உட்பக்கம் ஒரு தள்ளுகம்பி இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளினால் வெளித் தாழ்ப்பாள் விலகும். முன் டிராலி அந்தக் கம்பியில் இடித்தது. கம்பியைக் கழற்றச் சொன்னேன். உற்பத்தி அன்றைக்கே இரண்டு மடங்கு.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "மாப்ளே, அந்தக் கம்பி…" என்று இழுத்தார். வேறு மாதிரி ஒன்று, இடிக்காத மாதிரி, பொருத்திக்கொள்ளலாம் என்றேன். நம்பினார். பொருத்தக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. வேலை ஓடிக்கொண்டே இருந்தது, ஓடுகிற வேலையை நிறுத்தினால்தான் பொருத்த முடியும்.

வெல்டர் கோபித்துக்கொண்டது அந்த விஷயத்தில்தான். அவர் அத்தானோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திப் பர்னரைக் கொளுத்துவது அவர் பொறுப்பு. என்னிடம் நேரடியாகச் சொல்லாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அத்தானிடம் போய்க் கத்தினார். "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் எவனாவது இதுக்குள்ள செத்துக் கிடக்கத்தான் போறான், பாத்துக்கிட்டே இருங்க."

இந்த வார்த்தையை வைத்துத்தான் நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். அப்படி அவர் சொன்னாரா என்று என்னிடம் கேட்டீர்கள். சொன்னார் என்றேன். சொன்னாரே, சார். நான் பொய் சொல்லவில்லை. எதற்காகச் சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை.

அடுத்தது பலகை. பெரிய மருத்துவமனைக்காரர்கள் பட்டறையைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். வியர்வையும் அழுக்குமாக ஒரு ஏப்ரன் கதவில் தொங்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் நல்ல பலகை ஒன்று செய்து கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. உள்ளே போகிறவர் சிவப்பாகத் திருப்ப வேண்டும், வெளியே வந்ததும் வெள்ளையாக்க வேண்டும். எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினேன். இனிமேல் ஏப்ரனுக்கு அர்த்தம் கிடையாது, பலகை மட்டும்தான் கணக்கு என்று தெளிவாகச் சொன்னேன். அத்தானும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"மாப்ளே, யாராவது தோளால இடிச்சா உன் பலகை தானா திரும்பிக்கும்டா" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியே கேலி செய்தால் வேலையாட்கள் எப்படி மதிப்பார்கள்? கொஞ்ச நாள் பலகையைத் திருப்பினார்கள், அப்புறம் பழையபடி ஏப்ரனை மாட்ட ஆரம்பித்தார்கள். அத்தான் பலகையைத் தொட்டதே இல்லை.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு கட்டில் திரும்பி வந்தது. கைப்பிடியில் பெயிண்ட் உரிகிறது என்றார்கள். அத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தோல் மாதிரி வந்தது. எந்த டிராலி, எந்தக் கொக்கி என்று தேடிப் பார்த்துவிட்டு, ஓவனின் பின்மூலைக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்றார். இரண்டு டிராலியும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் காற்று சுற்றி வருவதில்லையாம்.

"அத்தான், பத்துல ஒண்ணு அப்படி வரத்தான் செய்யும்" என்றேன்.

"அந்தக் கைப்பிடியில வைக்கிறது யாரு கைன்னு நெனச்சே? ஊசி குத்தின கை, அறுத்துத் தச்ச கை. உரிஞ்சு வந்து புண்ணுல ஒட்டுனா உன் பத்துல ஒண்ணு வந்து தொடச்சு விடுமா?"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அந்தச் சமயம் எங்கள் வாசலுக்கு வந்திருந்தது இதுவரை வராத ஆர்டர். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற மருத்துவமனை, எல்லாக் கிளைக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொன்னது. மறுநாள் மதியம் நேரில் வந்து, எங்களால் அவ்வளவு செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டாவது டிராலியை எடுத்துவிடப் போகிறார். தள்ளுகம்பியைத் திரும்ப மாட்டப் போகிறார். வருகிறவர்களிடம், எங்களால் பாதிதான் முடியும், இஷ்டமிருந்தால் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடப் போகிறார்.

நான் அக்காவைப் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டவள் அவள்தானே. அவள் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அவர் சொல்றதும் சரிதானேடா. படுத்துக் கெடக்கிறவங்க பாவம் நமக்கெதுக்கு?" என்றாள்.

அது என்னைப் பாதித்தது என்று சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். நன்றாகத் தூங்கினேன். ஆனால் ஒன்று யோசித்தேன். ஒரு மனிதர் தன் கையாலேயே தன் தொழிலைக் குறுக்கிக்கொள்ளும்போது, அவர்மேல் அக்கறை உள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்பதால் எல்லோரையும் சீக்கிரமே சாப்பிட அனுப்பினேன். போவதற்கு முன் இரண்டு டிராலியையும் உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு சுற்று வந்தேன். பட்டறை அமைதியாக இருந்தது. கொல்லைப்பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தமும் டம்ளர் சத்தமும் மட்டும் கேட்டது. ஓவன் தாழ்ப்பாளில் ஒரு ஏப்ரன் தொங்கியது.

அது அத்தானுடையது. பையில் அக்கா நீலத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தாள். வேறு யாருடைய ஏப்ரனிலும் நீலம் கிடையாது. உள்ளே, பின்மூலையில், டார்ச் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. சுவரை ஒட்டி ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும், அதில் புகுந்து போயிருக்கிறார். வருகிறவர்களிடம் சொல்வதற்கு முன் இன்னொரு தடவை நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்திருப்பார். எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர்.

பலகையைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

இந்த இடத்தை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும், சார். விதி என்று ஒன்று வைத்தாகிவிட்டது. பலகை வெள்ளை என்றால் உள்ளே ஆள் இல்லை. ஏப்ரனுக்கு அர்த்தம் இல்லை. இதை எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. முதலாளி என்பதற்காக அவருக்கு மட்டும் தளர்த்தினால் நாளைக்கு வேறு யாருக்கு அந்த விதியைச் சொல்ல முடியும்? நான் ஏப்ரனை எடுத்தேன். உதறி, நான்காக மடித்தேன். அக்கா வீட்டுச் சோப்பு வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த மேசைமேல் வைத்தேன். அது வெல்டருடைய மேசை. வேண்டுமென்று அங்கே வைத்ததாக நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் இருந்தது அதுதான். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பர்னரைக் கொளுத்தினேன்.

விருந்தாளிகள் வந்தது அதற்குச் சற்று நேரம் கழித்து. ஒரு அம்மாவும் கண்ணாடி போட்ட ஒருவரும். அந்த அம்மா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார், எனக்கு அது பிடித்திருந்தது. ஓவனுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"உள்ள ஏதோ தட்டுற மாதிரி சத்தம் வருதே?"

"தகடு மேடம். சூடேறும்போது விரியும், அப்ப அப்படித்தான் தட்டும். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

அவர் தலையசைத்தார். கண்ணாடிக்காரர், தகரக் கூரை வீட்டில் வெயில் நேரத்தில் இப்படித்தான் கேட்கும் என்று எனக்கு ஒத்தாசையாகச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. ஒரு லோடுக்கு எத்தனை கட்டில் என்று கேட்டார்கள், சொன்னேன். முதலாளியைப் பார்க்க முடியுமா என்றார்கள். "வேலையில இருக்காரு மேடம். வேலைன்னு இறங்கிட்டா அவரை வெளிய இழுக்க முடியாது" என்றேன். சிரித்தார்கள். அத்தான் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று தோன்றியது. அங்கேயே, ஓவனுக்கு முன்னால் நின்றபடியே, ஆர்டர் எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் வெல்டர் சாப்பிட்டுவிட்டு வந்தார். பர்னர் எரிவதைப் பார்த்து, "யாரு கொளுத்தினது?" என்றார். விருந்தாளிகள் இருக்கிறார்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று கண் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். தன் மேசைமேல் மடித்துக் கிடந்த ஏப்ரனை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதில்லை, நடக்காததை யோசித்துப் பயனில்லை.

லோடு முடிந்ததும் கதவைத் திறந்தவர் அவர்தான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஏப்ரன் அவர் மேசையில் இருந்தது, கதவைச் சாத்துவது வழக்கமாக அவர், அந்தப் பழைய வார்த்தையும் இருந்தது. நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனதில் உங்கள்மேல் தப்பில்லை. அவர் மனைவி தினமும் உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அந்த அம்மாவிடம் யாராவது வீட்டுக்குப் போகச் சொல்லலாம்.

எல்லோரும் ஒதுங்கிப் போன பிறகு அந்த லோடை நான் ஒருமுறை பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. பின்மூலையில் தொங்கிய சட்டங்களில் மட்டும் பெயிண்ட் இளகியிருந்தது, நகம் வைத்ததும் உரிந்தது. அந்த விஷயத்தில் அத்தான் சொன்னது சரிதான். அதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? பயம் இல்லை. மனசாட்சி உறுத்துகிறது என்றெல்லாம் நாடகம் போடவும் எனக்கு வராது. பட்டறையில் ஒருவரும் ஓவன் பக்கம் போக மாட்டேன் என்கிறார்கள், சார். 'அது ஆளைத் தின்னுடுச்சு' என்கிறார்கள். பர்னரைக் கொளுத்தச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆர்டர் அப்படியே நிற்கிறது. வெல்டர் இல்லாமல் வேறு ஆளை வைத்துத் தலைமாட்டுக்கு வெல்டு வைத்துப் பார்த்தோம், தூக்கும்போதெல்லாம் கிரீச் என்கிறது. அத்தான் இதைக் கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டார். ஓவனில் ஒரு குறையும் இல்லை, பலகையிலும் குறை இல்லை, அது தானாக யாரையும் ஒன்றும் செய்யவில்லை, ஒரு ஆள் நினைத்துச் செய்தான் என்று தெரிந்தால் அவர்கள் பயம் போய்விடும். வேலைக்கு வந்துவிடுவார்கள். அதற்காகத்தான். இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே இருப்பது அவர் என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். தெரியும். ஏப்ரனைப் பார்த்தபோதே தெரியும், டார்ச்சைப் பார்த்தபோதும் தெரியும். விருந்தாளிகள் வருவதற்கு முன், நான் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அவர் கூப்பிட்டார். அத்தனை வருஷம் கூடவே இருந்த வெல்டரைக் கூப்பிடவில்லை, சார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. "மாப்ளே… மாப்ளே…" என்று என்னைத்தான் கூப்பிட்டார், குரல் அடங்குகிறவரைக்கும். கடைசிவரை அவர் என்மேல்தான் நம்பிக்கை வைத்திருந்தார். அக்கா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், அதனால் நீங்கள் பார்க்கும்போது அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.